ஓக் மேசையில் விடிந்ததும் முளைத்த கரும்புள்ளிகள்

பழைய ஓக் மேசையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, தண்ணீரில் கரையும் சாயம் பூசினாராம் வாசகர் ஒருவர். இரவில் பிரமாதமாக இருந்த பலகையில், காலையில் மிளகு தூவியதுபோல் நீலம் பாய்ந்த கரும்புள்ளிகள். பூஞ்சையா, சாயத்தில் கலப்படமா என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை. எதைக் கொண்டு தேய்த்தீர்கள் என்று கேட்டேன். ஸ்டீல் வூல், அதாவது இரும்புக் கம்பிநார் என்றார். அதுதான் காரணம்.

ஓக் மரம் வசந்த காலத்தில் வளரும்போது அகலமான நீர்க்குழாய்களை உருவாக்கும். சில 0.3 மி.மீ. வரை இருக்கும், வெறும் கண்ணுக்கே தெரியும். நிறமித்துகள் கலந்த ஸ்டெயின் இந்தக் குழிகளில் தங்குவதால்தான் ஓக்கில் வரிகள் கறுத்துத் தெரிகின்றன. கம்பிநாரிலிருந்து உடைந்த இரும்புத் தூளும் அங்கேதான் பதுங்கும். துணியால் துடைத்தால் முழுதும் வராது.

இனி நடப்பது எனக்கு என்றுமே அலுக்காத வேதியியல். ஓக்கில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் நிறைய உண்டு. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் குழந்தைக்கு உரசிக் கொடுக்கிறோமே மாசிக்காய், அதுவே ஒருவகை ஓக் கிளையில் குளவி முட்டையிட்டதால் உண்டான புடைப்புதான். அந்தத் துவர்ப்பும் டானின்தான். இத்தகைய புடைப்புகளை ஊறவைத்த நீரில் அன்னபேதி என்னும் இரும்பு உப்பைக் கலந்து ஐரோப்பாவில் நூற்றாண்டுக்கணக்கில் மை தயாரித்தார்கள். எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப்பட்டால் கறுக்கும். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த இரும்பு டானினோடு சேர்ந்தால் நிறம் அதிகம் வராது. ஆக்சிஜன் வந்து மூன்றாவதையும் பறித்தபின், டானினில் அடுத்தடுத்து நிற்கும், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் அந்த இரும்பை இருபுறமும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அப்போது டானினிலிருந்து இரும்புக்கு எலக்ட்ரான் தாவ, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பங்கு உறிஞ்சப்பட்டுவிடும். நமக்கு மிஞ்சுவது கருநீலம். மேசையிலும் இதேதான்: சாயத்தின் தண்ணீர் இரும்பைக் கரைத்தது, மீதியை இரவோடிரவாகக் காற்று முடித்தது.

பன்னிரண்டாம் வகுப்பில், இப்படி உலோகத்தை மூலக்கூறுகள் பிடித்துக்கொள்வதால் உண்டாகும் அணைவுச் சேர்மங்களைப் படம் வரைந்தே நடத்தி முடித்துவிடுகிறோம். ஒரு மாசிக்காயும் சிட்டிகை அன்னபேதியும் மாணவர் கையில் கொடுத்தால் அந்தப் பாடம் ஆயுசுக்கும் மறக்காது. இதற்குக்கூட ஆய்வக நிதி இல்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

சரி, மேசைக்கு வருவோம். குளோரின் ப்ளீச் வேண்டாம், அது சாயத்தைத்தான் வெளுக்கும். முதலில் மர வரியோடு பிரஷ்ஷால் தேய்த்து, வேக்குவம் கிளீனரால் இரும்புத் தூளை உறிஞ்சி எடுங்கள். பிறகு வெந்நீரில் கரைத்த ஆக்சாலிக் அமிலத்தைப் பலகை முழுக்கப் பூசுங்கள். புள்ளியில் மட்டும் தொட்டு வைத்தால் அந்த இடம் திட்டாக வெளிறும். அமிலத்திலுள்ள ஆக்சலேட், டானினிடமிருந்து இரும்பைப் பிடுங்கித் தண்ணீரில் கரையும் சேர்மமாக்கிவிடும். ஆக்சாலிக் அமிலம் நஞ்சு, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பலமுறை கழுவிய பிறகே உப்புத்தாள் போடவேண்டும், இல்லையென்றால் அமிலத்தூள் மூக்கில் ஏறும். பூசிய சாயமும் ஓரளவு கரைந்து போகும், மறுபடி பூசத்தான் வேண்டும். அதற்குமுன் தேய்க்க நைலான் நாரோ பித்தளைக் கம்பிநாரோ வாங்கிக்கொள்ளுங்கள்.