நொடிக்கு 500 சுற்று: பந்தய மாதிரிப் படகின் வளையும் ஷாஃப்ட்

மின்மோட்டாரில் ஓடும் பந்தய மாதிரிப் படகின் ப்ரொப்பெல்லர் வெறும் 40 மி.மீ. விட்டம்தான். ஆனால் நிமிடத்துக்கு 30,000 சுற்று, அதாவது நொடிக்கு 500 சுற்று, அதற்குச் சாதாரணம். இலையின் நுனி நொடிக்கு 60 மீட்டருக்கும் மேலான வேகத்தில் தண்ணீரை வெட்டுகிறது. இவ்வகைப் படகுகளில் ப்ரொப்பெல்லரின் மேல்பாதி தண்ணீருக்கு வெளியேதான் இருக்கும். அதனால் இரண்டு இலைகளும் சுற்றுக்கு ஒருமுறை நீர்ப்பரப்பில் மோதுகின்றன. நொடிக்கு 1,000 மோதல்! அத்தனையையும் தாங்குவது, வளைந்த பித்தளைக் குழாய்க்குள் வளைந்தபடியே சுழலும் ஒரு கம்பிக் கேபிள். மோட்டாரின் சுழற்சியை ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் (தண்டு) இதுதான்.

ஏன் வளைய வேண்டும்? மோட்டார் படகுக்குள் சற்று மேலே உட்கார்ந்திருக்கும். ப்ரொப்பெல்லரோ படகுக்குப் பின்னால், நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ இணையாக நிற்க வேண்டும். நேரான ஷாஃப்ட் போட்டால் அது சரிவாகத்தான் வெளியே வரும். தள்ளுவிசையில் ஒரு பங்கு படகின் பின்புறத்தைத் தூக்குவதில் போய்விடும். கேபிள் வளைந்து இறங்கி, முனையில் பற்றவைத்த குட்டையான எஃகுத் தண்டாக (ஸ்டப் ஷாஃப்ட்) மாறி, ஸ்ட்ரட் என்னும் தாங்கியில் உள்ள புஷ்ஷுக்குள் (தண்டு சுழலும் சிறு உருளை உறை) நேராக நுழைகிறது. அமெரிக்காவில் 25 சி.சி. அளவிலான பெட்ரோல் எஞ்சின் படகுகளுக்குக் கால் அங்குலக் கேபிள் (6.35 மி.மீ.) போடுவார்கள். மின்படகுகள் பலவற்றில் 3/16 அங்குலம் (4.76 மி.மீ.).

கேபிளை வெட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காகக் கம்பி. ஓர் அடுக்கு இடப்பக்கம் சுற்றியிருந்தால் அதற்கு மேலடுக்கு வலப்பக்கம். வெளியடுக்கு எந்தப் பக்கம் புரி கொண்டிருக்கிறது என்பதுதான் முக்கியம். கயிற்றைப் புரியின் போக்கில் முறுக்கினால் இறுகும், எதிர்ப்பக்கம் முறுக்கினால் பிரியும், இதுவும் அப்படியே. தப்பான திசையில் ஓட்டினால் வெளியடுக்கு உப்பிக் குழாயோடு கவ்விக்கொள்ளும். இரண்டு ப்ரொப்பெல்லர்கள் எதிரெதிராகச் சுழலும் படகுக்கு, எதிரெதிர்ப் புரியுள்ள இரண்டு கேபிள்கள் வேண்டும்.

சரியான திசையில் இறுகும்போது கேபிள் நீளத்தில் கொஞ்சம் குறைகிறது. ஆகவே ப்ரொப்பெல்லரைப் பிடித்துச் சுழற்றும் டிரைவ் டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே சுமார் 3 மி.மீ. இடைவெளி விட்டே பூட்ட வேண்டும். மேசை மேல் பார்க்க அது அசிங்கமாகத் தெரியும், நெருக்கிவிடக் கை துறுதுறுக்கும். நெருக்கினால் முழு வேகத்தில் டாக் ஸ்ட்ரட்டில் உரசி பிரேக் போட்ட மாதிரி ஆகிவிடும்.

பராமரிப்பில் பெரிய வேலை கிரீஸ்தான். சுழலும் கேபிள் கிரீஸை வெளியே தள்ளும், நின்றதும் தண்ணீர் உள்ளே வரும். கரிம எஃகுக் கம்பி ஒரே இரவில் துரு காட்டும். உப்புத் தண்ணீரென்றால் கேட்கவே வேண்டாம். அன்றைய ஓட்டம் முடிந்ததும் கேபிளை உருவித் துடைத்து எண்ணெய் பூசி, படகுக்கு வெளியே வைப்பது நல்லது. அடுத்தமுறை ஓட்டுமுன் நீர் கரைக்காத மரைன் கிரீஸைத் தடவி ஏற்ற வேண்டும். துடைக்கும்போது விரலில் ஓர் இழை குத்தினால் அந்தக் கேபிள் முடிந்தது.

இனி அறுந்த கேபிளை மறுபடி கட்டுவது. கேபிள் பெரும்பாலும் அறுவது ஸ்டப் ஷாஃப்ட் பற்றவைப்புக்குச் சற்று முன்னால்தான். காரணம் சூடு. கம்பியின் பலம், ஆலையில் குளிர்நிலையில் இழுத்து மெலிதாக்கும்போது வந்தது. கெட்டி வெள்ளிப் பற்றாசு (சால்டர்) உருக 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். பிறகு அந்த இடம் வில்லாக இருக்காது, வெறும் மெத்தென்ற கம்பி. அதனால்தான் 96% வெள்ளீயமும் 4% வெள்ளியும் கலந்த பற்றாசையே நான் சொல்வேன். அது 221 டிகிரியிலேயே உருகும். இவ்வளவு மென்மையான உலோகம் தாங்குமா? கணக்குப் போடலாம். 2 கிலோவாட், 30,000 சுற்று என்றால் முறுக்குவிசை சுமார் 0.64 நியூட்டன் மீட்டர். 4.76 மி.மீ. கேபிள் ஸ்டப் ஷாஃப்டின் துளைக்குள் 12 மி.மீ. ஆழம் போயிருந்தால், பற்றில் விழும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டன். அந்தப் பற்றாசு 20-க்கு மேல் தாங்கும். அலையில் விழுந்து எழும்போது வரும் அதிர்ச்சிக்கும் போதுமான இடமிருக்கிறது.

வெட்டும் இடத்தில் முதலில் பற்றாசு ஊட்டிவிட்டு, தேய்ப்பு வட்டால் அறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புரி பிரிந்துவிடும். அடுக்குகளுக்குள் ஒளிந்திருக்கும் கிரீஸை அசிட்டோனில் ஊறவைத்து எடுங்கள். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் சூட்டில் வெளியே வந்து பற்றைக் கெடுக்கும். கேபிளில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு, தீயை ஸ்டப் ஷாஃப்டின் மேல் மட்டும் காட்டுங்கள். ஈரத்துணிக்கு இரண்டு வேலை: கம்பியின் பதத்தைக் காக்கும், உருகிய பற்றாசு இழைகளுக்குள் ஏறிப்போவதையும் நிறுத்தும். ஏறிப்போனால் வளைய வேண்டிய இடம் விறைத்துவிடும். பற்று பிடிக்கப் போட்ட அமில பிளக்ஸை சமையல் சோடா கரைத்த நீரில் கழுவிக் காயவைத்து எண்ணெய் விடுங்கள்; உள்ளே தங்கும் அமிலம் மறைவாக அரிக்கும். அப்புறம் ஸ்டப் ஷாஃப்டைக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சக் கீற்று வந்து வந்து மறைந்தால் தண்டு கோணல்.

ப்ரொப்பெல்லரின் சமநிலையையும் அப்போதே பார்க்க வேண்டும். 10 கிராம் ப்ரொப்பெல்லரின் எடைமையம் 0.1 மி.மீ. விலகியிருந்தாலே, 30,000 சுற்றில் சுமார் 10 நியூட்டன், அதாவது ஒரு கிலோ எடைக்குச் சமமான இழுப்பு. அது ஒவ்வொரு சுற்றிலும் புஷ்ஷை அறைகிறது. பெரிலியம் செம்பில் வார்த்த ப்ரொப்பெல்லரைத் தேய்ப்பதானால் தண்ணீரில் நனைத்தே தேயுங்கள். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

அறுந்த கேபிளை உடனே தூக்கிப் போடாதீர்கள். பற்றின் விளிம்பில் நீலநிறம் படிந்து அறுந்திருந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. நடுவில் ஓரிடம் பளபளவென்று தேய்ந்திருந்தால் குழாயின் வளைவு அங்கே மடிந்திருக்கிறது. மோட்டார் பக்கம் கேபிளைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டின் வாயில் அறுந்திருந்தால் மோட்டாரும் குழாயும் ஒரே கோட்டில் இல்லை. அதைச் சரிசெய்யாமல் புதுக் கேபிள் போட்டால் அதுவும் அதே இடத்தில்தான் அறும்.