தன்னைத் தானே படமெடுத்த மீன்

1946ஆம் ஆண்டு ஜூலை மாதம், பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி பவளத்தீவில் அமெரிக்கா இரண்டு அணுகுண்டுகளை வெடித்தது. அணுகுண்டுக்குக் கப்பல்கள் தாங்குமா என்று பார்க்க, பழைய போர்க்கப்பல்களைக் காயலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்தத் தீவில் வாழ்ந்த 167 பேரை மார்ச் மாதமே ராங்கெரிக் தீவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அங்கே அவர்கள் பட்டினி கிடந்தார்கள். சோதனையைப் பற்றிப் பேசும்போது இதை முதலில் சொல்லியாக வேண்டும்.

இரண்டும் ஒரே வகைக் குண்டுகள். ஒவ்வொன்றும் சுமார் 23 கிலோடன், அதாவது 23 ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்தின் வலிமை. ஜூலை 1 அன்று முதல் குண்டு காற்றில் வெடித்தது. தீக்கோளம் வெப்பத்தால் விறுவிறுவென மேலேறியபோது, கதிரியக்கத் துகள்களில் பெரும்பகுதியையும் வானத்துக்குக் கொண்டுபோய்விட்டது. மறுநாளே மாலுமிகள் பெரும்பாலான கப்பல்களில் ஏறிவிட்டார்கள்.

ஜூலை 25 அன்று நடந்த 'பேக்கர்' சோதனையில் குண்டு 27 மீட்டர் ஆழத்தில் தொங்கியது. வெடித்த நொடியில் நீருக்குள் ஒரு வாயுக்குமிழி விரிந்து, கீழே கடல் தரையைத் தொட்டது. மேலே நீர்மட்டத்தைக் கிழித்தது. சுமார் 20 லட்சம் டன் நீர் தூணாக எழும்பியது. எழும்பிய நீர் விழுந்துதானே ஆகவேண்டும்? விழுந்தபோது அடியிலிருந்து கிளம்பிய சாரல், மூடுபனிச் சுவர்போல் உருண்டு வந்து கப்பல்களை மூடியது. முன்பு வானத்துக்குப் போன கதிரியக்க நஞ்சு இம்முறை நீரில் சிக்கிக்கொண்டது. குண்டின் வெடிபொருளான புளூட்டோனியத்தில் பிளவுபடாமல் எஞ்சியதும் அதில் இருந்தது. கதிரியக்கத்தை அளக்க மாலுமிகள் வைத்திருந்த கைகர் கருவிகளுக்கு அது புலப்படவில்லை.

கப்பல்களைக் கழுவ ஆரம்பித்தார்கள். பீய்ச்சி அடித்ததும் அதே காயலின் நீர்தான்! சோப்பு, எரிகாரம், தேய்க்கும் பிரஷ் என எல்லாம் முயன்றார்கள். பெயின்ட்டிலும் துருவிலும் மரத்தளத்திலும் ஊறிய கதிரியக்கம் போகவில்லை. உதவிக்கு வந்த கப்பல்களின் அடிப்புறத்துப் பாசியிலும் அது சேர்ந்தது.

கதிரியக்கப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த மருத்துவர் ஸ்டாஃபோர்ட் வாரன், வேலையை நிறுத்தும்படி மன்றாடினார். அதிகாரிகள் நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை எப்படித்தான் காட்டுவது? காயலில் பிடித்த ஒரு மீனைப் புகைப்படத் தகட்டின் மேல் வைத்தார்கள். விளக்கில்லை, எக்ஸ்ரே கருவியில்லை. மீன் தின்ற பாசியிலும் அதன் உடலிலும் இருந்த கதிரியக்கமே தகட்டில் அதன் உருவத்தைப் பதித்தது. அந்தப் படத்தை, சோதனைகளை நடத்திய கடற்படைத் தளபதி வில்லியம் பிளாண்டியிடம் காட்டினார் வாரன். ஆகஸ்ட் 10 அன்று கழுவும் வேலை நின்றது. இன்னும் ஆழத்தில் நடத்தத் திட்டமிட்டிருந்த மூன்றாம் சோதனையும் கைவிடப்பட்டது.