கேஸ் வாசனை வந்தால் ஸ்விட்சில் கை வைக்காதீர்கள்

கேஸ் விபத்து என்று அழைப்பு வந்து நாங்கள் போய் இறங்கும் வீடுகளில் கதவு பெயர்ந்திருக்கும், ஜன்னல் கண்ணாடி தெருவில் கிடக்கும், சமையலறைச் சுவரில் விரிசல் ஓடியிருக்கும். சிலிண்டர் மட்டும் பெரும்பாலும் மேடைக்கு அடியில் வைத்த இடத்திலேயே முழுசாக நிற்கும். மறுநாள் பேப்பரில் சிலிண்டர் வெடித்ததாகத்தான் செய்தி வரும். உண்மையில் அங்கே வெடித்தது, இரவு முழுக்கக் கசிந்து அறைக்குள் தேங்கி நின்ற கேஸ். தீயணைப்புத் துறையிலிருந்து குடியிருப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் போய் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்துகிறோம், அங்கே வருகிற கேள்விகள் எல்லாம் சிலிண்டரைப் பற்றியே இருக்கும்: சார், சிலிண்டர் வெயிலில் இருந்தால் வெடிக்குமா, உருட்டினால் வெடிக்குமா, பக்கத்து வீட்டுக்காரர் நாலு சிலிண்டர் வைத்திருக்கிறாரே. ஸ்விட்சைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் கவலை.

அதிகாலை அழைப்புகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கதைதான். இரவில் பாலையோ சாம்பாரையோ அடுப்பில் வைத்திருப்பார்கள், அது பொங்கி அடுப்பை அணைத்திருக்கும், அல்லது ஜன்னல் காற்றில் சுடர் அணைந்திருக்கும். பாத்திரத்தை இறக்கி வைத்தவர் நாபைத் திருப்பாமல் போய்ப் படுத்திருப்பார். கொசுவுக்குப் பயந்து எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கும். காலையில் காபி போட எழுந்தவர் பாதித் தூக்கத்தில் சமையலறை வாசலில் நின்று லைட்டைப் போடுவார். அவ்வளவுதான்.

இதைக் கணக்காகச் சொன்னால்தான் பலருக்கு உறைக்கிறது. வீட்டு அடுப்பின் ஒரு பர்னர் முழுசாகத் திறந்திருந்தால் மணிக்குச் சுமார் 150 கிராம் கேஸ் வெளியேறும். பத்தடிக்கு எட்டடி சமையலறை, உயரமும் பத்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் சமையல் கேஸ் ஏறக்குறைய 2 சதவீதம் கலந்தாலே பற்றும், அந்த அறைக்கு அது ஒரு கிலோ கேஸ்தான். இரவு பத்து மணிக்குத் திறந்து கிடந்த பர்னர் காலை ஐந்து மணிக்குள் அந்த ஒரு கிலோவைக் கொடுத்துவிடும். 14.2 கிலோ சிலிண்டரில் ஒரு கிலோ குறைந்தது யாருக்குத் தெரியப்போகிறது? இதுகூட அறை முழுக்கச் சீராகக் கலந்தால் வருகிற கணக்கு. கேஸ் அப்படிக் கலப்பதில்லை. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம் என்பதால், கொட்டிய தண்ணீர் மாதிரி தரையோடு பரவிப் பள்ளம் தேடிப் போய்த் தங்கும். மேடைக்கு அடியில், தண்ணீர் போகிற குழாயில், படி இறங்குகிற இடத்தில். அதனால் அரைக் கிலோ கசிந்திருந்தாலும் முழங்கால் உயரத்துக்கு எரியத் தயாரான ஒரு அடுக்கு நிற்கலாம். மேலே மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் இழுத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம், அந்த ஃபேனின் ஸ்விட்சும் மோட்டாரும் பொறி தட்டக்கூடியவைதான்.

வாசனை காட்டிக்கொடுத்துவிடுமே என்பார்கள். கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டான் என்ற நாற்றச் சரக்கை வேண்டுமென்றே கலக்கிறார்கள். ஆனால் தூங்குகிறவர் மூக்கை நம்ப முடியாது. விழித்திருந்தாலும் அதே அறையில் இருந்துகொண்டே இருந்தால் மூக்கு பழகிவிடும். வெளியிலிருந்து வருகிறவர் "என்னங்க இப்படி நாறுது" என்று கேட்கும்வரை வீட்டுக்காரருக்குத் தெரியாது. வயதானவர்களுக்கும் கொரோனா வந்துபோன சிலருக்கும் மோப்ப சக்தியே குறைந்திருக்கிறது.

அப்புறம் ஒரு சமாதானம் உண்டு: "கேஸ் தீரப்போகுது, அதான் வாசனை." இதில் பாதி உண்மை. நாற்றச் சரக்கு கேஸைவிட மெதுவாக ஆவியாவதால் கடைசியில் அது அதிகமாகத் தங்கி வாசனை தூக்கலாகத்தான் இருக்கும். ஆனால் மூக்குக்கு எட்டுகிறது என்றால் எரியாத கேஸ் எங்கேயோ வெளியே வருகிறது என்று அர்த்தம். தீரும் சிலிண்டரோ புதுச் சிலிண்டரோ, சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்துவிடுங்கள். ரெகுலேட்டர் உட்காரும் இடம், டியூபின் இரண்டு முனை, அடுப்பின் நாப் பக்கம். நுரை குமிழி விட்டால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வீரர்கள் இன்னமும் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் என்ன சொல்ல.

சரி, வாசனை வந்துவிட்டது. என்ன செய்வது? நான் அடிக்கடி சொல்கிற ஒரு பாட்டியின் கதைதான் இதற்குப் பதில். தனியாக இருந்தவர், எழுபது வயதுக்கு மேலிருக்கும். விடியற்காலையில் எழுந்தபோது வாசனை வந்திருக்கிறது. லைட் போடவில்லை. இருட்டிலேயே சுவரைத் தடவிக்கொண்டு போய், குனிந்து, ரெகுலேட்டரை மூடி, கொல்லைக் கதவையும் ஜன்னலையும் திறந்துவிட்டு, வாசலில் வந்து உட்கார்ந்து எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறார். நாங்கள் போனபோது நிமிர்ந்து நின்றால் சமையலறையில் லேசான வாசனைதான், சிலிண்டர் பக்கம் குனிந்தால் மூக்கை அடைத்தது. எல்லாம் வெளியேறும்வரை காத்திருந்தோம். "தம்பி, இப்ப லைட் போடலாமா? காபி போட்டுத் தரேன்" என்றார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். கேஸ் கனெக்‌ஷன் கொடுத்த நாளில் ஏஜென்சிக்காரர் சொன்னதாம், அப்படியே நினைவில் வைத்திருக்கிறார்.

அந்தப் பாட்டி செய்ததில் சேர்க்க வேண்டியது கொஞ்சம்தான். ஸ்விட்ச் என்றால் போடவும் கூடாது, எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் பொறி ஒன்றுதான். காலிங் பெல்லும் இதில் சேர்த்தி, உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் அதைத்தான் அழுத்துவார், தடுத்து நிறுத்துங்கள். சமையலறை அலமாரியிலேயே சாமி படம் வைத்து விளக்கேற்றும் வீடுகள் நம்மிடம் ஏராளம், விளக்கு எரிந்துகொண்டிருந்தால் சமையலறைக்குள் போகவே போகாதீர்கள், ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். ஃப்ரிட்ஜ் தானாக ஓடி நிற்கிற சாமான், அதற்குள்ளும் பொறி உண்டு. கரண்ட் போய்த் திரும்ப வரும்போது என்னென்ன ஓடத் தொடங்கும் என்பது உங்களுக்கே தெரியும். மீட்டர் பெட்டி வீட்டுக்கு வெளியே, மாடிப்படிக்கு அடியிலோ காம்பவுண்டிலோ இருந்து, அங்கே வாசனையே இல்லை என்றால் மெயினை இறக்குங்கள். பெட்டி உள்ளே இருந்தால் தொடாதீர்கள். செல்போனால் கேஸ் தீப்பிடித்து நான் பார்த்ததில்லை, ஆனாலும் தெருவுக்கு வந்து பேசுவதில் நமக்கு என்ன நஷ்டம்? கேஸ் கசிவுக்கு நாடு முழுக்க 1906, இருபத்து நாலு மணி நேரமும். தீ என்றால் 101 அல்லது 112.

ரெகுலேட்டரை மூடிய பிறகும் சிலிண்டர் வாயிலிருந்து உஸ் என்று சத்தம் வந்தால், ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, சிலிண்டரோடு நூலில் கட்டி வருகிற பாதுகாப்பு மூடியை 'டக்' என்று கேட்கும்வரை வாயில் அழுத்துங்கள். கசிவு நின்றுவிடும். அதற்காகத்தான் அந்த மூடியையே கொடுக்கிறார்கள். நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்றால், புதுச் சிலிண்டர் மாட்டிய அன்றே நூலை அறுத்து மூடியைக் குழந்தை கையில் விளையாடக் கொடுத்துவிடுகிறார்கள். வாயில் இருக்கும் வாஷர் (சின்ன ரப்பர் வளையம்தான்) பிய்ந்திருந்தாலும் இப்படிக் கசியும், அதனால் சிலிண்டர் கொண்டுவந்தவர் இருக்கும்போதே சீலைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு அவசரம் இருக்கும், இருக்கட்டும்.

இனி தீயே பிடித்துவிட்டால். ரெகுலேட்டர் பக்கம் சுடர் எரிகிறது, சிலிண்டர் நிமிர்ந்து நிற்கிறது என்றால் அடுத்த நொடியே வெடித்துவிடாது, சினிமாவில்தான் அப்படி. சாக்கையோ கனமான பருத்திப் போர்வையையோ தண்ணீரில் முக்கி, இரண்டு கையாலும் விரித்து முகத்துக்கும் உடம்புக்கும் முன்னால் பிடித்துக்கொண்டு போய், சிலிண்டரின் தலையில் போர்த்தி, அதன் மேலேயே கைவிட்டு ரெகுலேட்டரை மூட வேண்டும். செய்முறை காட்டும்போது கல்லூரிப் பெண்கள் முதல் தடவையிலேயே செய்துவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: சுடரை அணைத்துவிட்டு கேஸை மூடாமல் விட்டால் நிலைமை முன்னைவிட மோசம், எரிந்துகொண்டிருந்த கேஸ் இப்போது அறையில் சேரத் தொடங்கும். மூட முடியாது என்று தெரிந்தால் எரியவிட்டு எல்லாரும் வெளியேறுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சிலிண்டர் நிஜமாகவே வெடிப்பது வெளித் தீ அதன் உடம்பைச் சூடாக்கும்போது. கூரை எரிந்து மேலே விழுந்தால், படுத்த நிலையில் தன் சுடரே தன்னைச் சுட்டால், சில நிமிடங்களில் வெடிக்கலாம். அங்கே பீரோவில் இருக்கும் நகை, பத்திரம் எதற்காகவும் திரும்பப் போகாதீர்கள். வாணலியில் எண்ணெய் பற்றினால் அடுப்பை மூடி ஒரு தட்டைப் போட்டு மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மூடிய இடமும் கேஸும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மதுரை பார்த்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில் லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்கள் இருந்தார்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரில் டீ போட அடுப்பைப் பற்ற வைத்தபோது தீப்பிடித்து 9 பேர் இறந்துபோனார்கள். ரயில் என்றில்லை, கோயிலுக்கு வேன் பிடித்துப் போகும்போது சீட்டுக்கு அடியில் 5 கிலோ சிலிண்டரைப் போட்டுக்கொண்டு போகிற பழக்கம் நம்மிடமும் தாராளமாக இருக்கிறது. இப்போது வருகிற மாடுலர் கிச்சனும் எனக்குப் பிடிக்காத ஒன்று. சிலிண்டரைக் கதவு போட்ட பெட்டிக்குள் அழகாக ஒளித்து வைக்கிறார்கள். வைத்தே தீருவேன் என்றால் அந்தக் கதவின் அடிப்பக்கம், தரையை ஒட்டி, காற்றுத் துளை விடச் சொல்லுங்கள். மேலே விட்டுப் பயனில்லை.

தீக்காயத்துக்கு முதல் மருந்து குழாய்த் தண்ணீர். இருபது நிமிடம் ஓடவிடுங்கள், கை வலித்தாலும். ஐஸ் வேண்டாம். பேனா மை, டூத்பேஸ்ட், மஞ்சள், நெய், மாவு எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரியில் அதையெல்லாம் புண்ணிலிருந்து சுரண்டி எடுக்கும்போதுதான் வேதனை தெரியும். வளையல், மோதிரத்தை வீக்கம் வருமுன் கழற்றிவிட்டு, சுத்தமான துணியால் தளர்வாக மூடி 108-ஐக் கூப்பிடுங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, தரையில் உருள வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். நைலான் நைட்டி உருகித் தோலோடு ஒட்டும் என்பதால்தான் சமையலறையில் பருத்தி உடுத்தச் சொல்கிறோம்.

பராமரிப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆரஞ்சு நிறச் சுரக்ஷா டியூப் உள்ளே கம்பி வலை பின்னியது, எலி சுலபத்தில் கடிக்காது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அழுக்காகாமல் இருக்கத் துணி உறை தைத்துப் போடுகிறார்கள், அந்த உறைக்குள் விரிசல் விட்டாலும் கண்ணுக்குத் தெரியாது. ராத்திரி படுக்கும் முன் அடுப்பின் நாபோடு ரெகுலேட்டரையும் மூடுங்கள். குனிய வேண்டியிருக்கிறது என்பதுதான் பலர் சொல்கிற காரணம். கேஸ் தீரும்போது சிலிண்டரைப் படுக்க வைப்பதும், ஊட்டிக் குளிரில் வெந்நீரில் நிறுத்துவதும் வேண்டாம், படுத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் ஏறும்.

சிலிண்டர் தலைப்பக்கக் கம்பியில் 'பி 27' மாதிரி எழுதியிருப்பதை வாட்ஸாப்பில் காலாவதி தேதி, தாண்டினால் வெடிக்கும் என்று பரப்புகிறார்கள். அது அடுத்த சோதனைக்கான கெடு. ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், எண் வருடம். கெடு தாண்டியதை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருவது அவர்கள் கடமை.

வீட்டு கேஸ் இணைப்புக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு ஒன்று உண்டு, நீங்கள் பிரீமியம் கட்டத் தேவையில்லை. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய் வரை, சிகிச்சைக்கும் சொத்துச் சேதத்துக்கும் தனி வரம்பு. கேஸ் புக்கில் பதிவான முகவரியில் நடந்த விபத்தாக இருக்க வேண்டும், டியூபும் ரெகுலேட்டரும் அடுப்பும் ஐஎஸ்ஐ முத்திரை பெற்றவையாக இருப்பது நல்லது. விபத்து நடந்தவுடன் ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவியுங்கள், போலீஸில் புகார் பதிந்து நகல் வாங்குங்கள், எங்கள் நிலையத்தில் தீ விபத்து அறிக்கை கேளுங்கள், ஆஸ்பத்திரி ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். எரிந்த டியூபையும் ரெகுலேட்டரையும் குப்பையில் போடாமல் ஆய்வுக்கு வருகிறவர் பார்க்கும்வரை அப்படியே வைத்திருங்கள்.