அடுத்த குருத்து எப்படி வரும்?

"ஒரு மான்ஸ்டெரால ஆரம்பிச்சேன், இப்ப நாப்பது செடி நிக்குது, ஏன் நிறுத்தவே முடியல?"ன்னு ஒரு வாசகி கேட்டிருந்தாங்க.

வீட்டுல அழகுக்கு வளர்க்கற மான்ஸ்டெரா ஒரு ஏராய்டு. ஏராய்டுங்கறது சேம்பு, சேனை, மணி பிளான்ட், ஆந்தூரியம், பிலோடென்ட்ரான் எல்லாம் சேர்ந்த குடும்பம். 3,500 இனத்துக்கு மேல இருக்கு, அதனால சேர்த்து முடிக்கவே முடியாது, அது பாதிக் காரணம். மீதி குருத்துல இருக்கு, எனக்கு உயிர் அதுதான்.

பச்சையும் வெள்ளையும் கலந்த மான்ஸ்டெரா அல்போவ எடுத்துக்கோங்க. வெள்ளைன்னா பச்சையம் செய்ய முடியாத செல். தண்டோட வளர்நுனியில ரெண்டு வகை செல்லும் பக்கத்துப் பக்கத்துல இருக்கும், ஒரே செடிக்குள்ள ரெண்டு வகை மரபணுத் தொகுப்பு. இப்படிப்பட்ட செடிக்கு 1907-ல கைமீரான்னு பேர் வச்சவர் ஹான்ஸ் விங்க்லர், வெள்ளை விளிம்பு ஜெரேனியத்த வச்சு 1909-ல எர்வின் பவுர் இது எப்படி நடக்குதுன்னு விளக்கினார்.

புது இலை அந்த நுனியோட ஒரு ஓரத்துல இருக்கற கொஞ்சம் செல்லுல இருந்துதான் கிளம்புது, அங்க பச்சை எத்தன வெள்ளை எத்தன இருந்துச்சோ அதுதான் இலையோட தலையெழுத்து. ஆரம்பத்துலயே இருந்த வெள்ளை செல்லோட வாரிசுங்க பெரிய பட்டையா விரியும், கடைசி நேரத்துல வந்து சேர்ந்ததுன்னா சின்னப் புள்ளியோட நின்னுடும். முழுசும் பச்சையா வரலாம், முழுசும் வெள்ளையாவும் வரலாம், ஆனா வெள்ளை இலையால தனக்குன்னு உணவு செய்ய முடியாது, மத்த இலைங்க ஊட்டி வளர்க்கணும், சீக்கிரமே ஓரம் கருகிடும். என்கிட்ட இருக்கற செடியில இப்ப ஒரு குருத்து காம்பு உறையப் பிளந்துட்டு சுருட்டு மாதிரி வெளிய நிக்குது, மேல நூல் கனத்துக்கு ஒரு வெள்ளைக் கீத்து, உள்ள என்ன இருக்குன்னு பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே டார்ச் அடிச்சுப் பாக்கறேன்.

இந்தத் தவிப்ப மூளைப்பக்கம் இருந்து அளந்தவர் நரம்பியல் விஞ்ஞானி வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். குரங்குக்கு ஜூஸ் கொடுத்து மூளையில டோபமின்ங்கற ரசாயனத்த விடற நரம்புசெல்களக் கவனிச்சார். ஜூஸ் எதிர்பாராம கிடைச்சா அந்த செல்லுங்க துள்ளுது, கண்டிப்பா வரும்னு பழகிட்டா ஜூஸ் வரும்போது ஒண்ணும் நடக்கல. 2003-ல அவரோட குழு இன்னொண்ணும் பார்த்தாங்க, வருமா வராதான்னு சரிபாதி வாய்ப்பு இருக்கறப்பதான் காத்திருக்கற நேரம் முழுக்க அந்த செல்களோட இயக்கம் ஏறிக்கிட்டே போய் உச்சத்துல நிக்குது. சுருண்ட குருத்து அந்தக் காத்திருப்பு நேரத்த நாள்கணக்குல இழுக்குதுங்கறது என் கணிப்பு.

ஜெரேனியம் இலை வெள்ளையா இருக்கறதயும் குரங்கு ஜூஸ் குடிக்கறதயும் ஆராயறதுக்கு எதுக்குக் காசுன்னு கேக்கறவங்க எப்பவும் இருக்காங்க, எனக்கு அதுல கோபம்தான் வருது, பயன் என்னன்னு முன்கூட்டியே கேக்காம கொடுக்கற பணம்தான் இப்படி ரெண்டு தூரத்து விஷயத்த ஒரு ஜன்னலோரத்துல கொண்டுவந்து சேர்க்குது.

சரி, ஏன் நாப்பது? ஒரு செடி நல்லா வளர்ற காலத்துலயே மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு இலைதான் விடும், மத்த நாளெல்லாம் சும்மா. நாப்பது இருந்தா தினமும் எங்கயாவது ஒரு குருத்து சுருள் பிரியும்.