ரிலேஷனல் டேட்டாபேஸ் "தொடர்புடைய தரவுத்தளம்" கிடையாது

தகவலை டேபிள் டேபிளா (அட்டவணையா) வச்சுக்கிற ரிலேஷனல் டேட்டாபேஸை இன்னும் எத்தனை பாடக்குறிப்புல "தொடர்புடைய தரவுத்தளம்"னு படிக்கணுமோ தெரியல. "தொடர்புடைய அதிகாரியை அணுகவும்"னா சம்பந்தப்பட்ட அதிகாரின்னு அர்த்தம். அப்போ இது எதோட சம்பந்தப்பட்ட தரவுத்தளம்?

ஐபிஎம் கம்ப்யூட்டர் கம்பெனில வேலை பார்த்த எட்கர் காட் 1970ல எழுதின கட்டுரைல இருந்து வந்த பேரு இது, ரிலேஷன்ங்கிறத அவர் கணக்குல இருந்து எடுத்தார். நம்ம பத்தாவது கணக்குப் புத்தகத்துல முதல் பாடம் "உறவுகளும் சார்புகளும்", அதே உறவுதான். ரேஷன் அட்டை எண், குடும்பத் தலைவர் பேரு, தெரு மூணையும் ஒரே வரிசைல எழுதி, அப்படிப்பட்ட வரிசைகளைச் சேர்த்து வச்சா அந்த ஒத்த டேபிளே ஒரு ரிலேஷன். பக்கத்துல வேற டேபிள் இருக்கணும்னு அவசியமே இல்ல.

ஆனா "டேபிளுக்கும் டேபிளுக்கும் தொடர்பு இருக்கிறதால இந்தப் பேரு"ன்னு சொல்லிக் குடுக்கிறாங்க பாருங்க, தப்போட வேரு அங்கதான் இருக்கு. காட் எழுதுறதுக்கு முன்னாடி இருந்த, ஐபிஎம்மோட ஐஎம்எஸ் மாதிரி டேட்டாபேஸ்கள்லதான் ஒரு பதிவை இன்னொரு பதிவோட கட்டிவச்சிருந்தாங்க, எந்த வழியா இறங்கிப் போகணும்னு ப்ரோக்ராம் எழுதுறவருக்குத் தெரிஞ்சிருக்கணும், பதிவுகளைக் கட்டின விதத்தை மாத்தினா ப்ரோக்ராமையும் மாத்தணும். காட் அந்தக் கட்டைத்தான் அவிழ்த்துவிட்டார். குடும்ப உறுப்பினர்களுக்குன்னு தனியா ஒரு டேபிள் வச்சா அதுலயும் அட்டை எண்ணுக்கு ஒரு நெடுவரிசை இருக்கும், ரெண்டு பக்கமும் எண் ஒத்துப்போனா அந்த வரிசைகளைச் சேர்த்து ஜாயின் பண்ணிக்கலாம், அவ்ளோதான். பாத்தா "தொடர்புடைய"ங்கிற பேரு அந்தப் பழைய முறைக்குத்தான் பொருந்தும்!

"உறவுமுறைத் தரவுத்தளம்"னும் சிலர் எழுதுறாங்க. உறவுமுறைன்னா மாமன், மச்சான், சித்தப்பா. என் கணக்குல "உறவுசார் தரவுத்தளம்" சரியா வரும், கணக்குப் பாடத்துச் சொல்லும் கையோட வந்துடும். அதே சொல்லை பதினொண்ணாவது புத்தகத்துல "தொடர்புகள்"னு மாத்தி வச்சிருக்கிறது தனி வயித்தெரிச்சல், ஒரு வருஷம் படிச்ச சொல்லை அடுத்த வருஷம் எதுக்கு மறக்கணும்? பேச்சுல ரிலேஷனல் டேட்டாபேஸ்னே சொல்லுங்க, ஒரு குறையும் இல்ல. தமிழ்ல எழுதுறதுன்னு முடிவு பண்ணிட்டா பொருள் தெரிஞ்சு எழுதுங்க.

இப்போ, இன்னொரு டேபிளோட வரிசையை அடையாளம் காட்டுற நெடுவரிசையான ஃபாரின் கீயும் "வெளிநாட்டு விசை" ஆயிடுச்சு. மெஷின் துப்பினத அப்படியே ஒட்டுறாங்க. விசைங்கிறது கீபோர்டுல அழுத்துறது. உறுப்பினர் டேபிள்ல இருக்கிற அட்டை எண் வேற டேபிளோட திறவுகோல், அதனால அது "அயல் திறவுகோல்". அந்த டேபிளும் இதே டேட்டாபேஸ்லதான் இருக்கு, இதுல வெளிநாடு எங்க வந்துச்சு?