நகர்ந்துபோன எச்சம்

மொட்டை மாடித் தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டதில் கொழுந்து அத்தனையும் காலி. திட்டிக்கொண்டே பார்த்தால், மிஞ்சிய இலையில் குருவி எச்சம் வேறு. துடைக்கக் கையை நீட்டினேன், எச்சம் நகர்ந்தது.

அது எலுமிச்சை அழகியின் புழு. கறுப்பு இறக்கையில் வெளிர்மஞ்சள் திட்டுகளும் பின்னிறக்கையில் ஒரு சிவப்புப் பொட்டுமாகத் தெருவில் விர்ரென்று போகுமே, அந்த வண்ணத்துப்பூச்சிதான். எலுமிச்சை, நாரத்தை, வில்வம், கறிவேப்பிலை எல்லாம் ஒரே தாவரக் குடும்பம் என்பதால், நம் கொல்லையே அதற்குத் தோதான இடம். தாய்ப்பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டிப் பார்க்கும். கால்தான் அதற்கு நாக்கு! செடி சரிதான் என்று தெரிந்ததும் கடுகளவில் ஒரு மஞ்சள் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும்.

மூன்று நாலு நாளில் வெளியே வரும் புழு, முதலில் முட்டை ஓட்டையே தின்னும். பிறகு நாலு முறை தோலுரிக்கும்; ஒவ்வொரு தோலோடும் இருக்கும் காலம் ஒரு பருவம். நாலாம் பருவம்வரை எச்ச வேஷம்: கரும்பழுப்பு உடல், இடையிடையே வெள்ளைப் பூச்சு, ஈரம் காயாத மினுமினுப்பு. அதற்குமேல் வேஷம் எடுபடாது. விரல் பருமனுக்கு எந்தக் குருவி எச்சமிடும்? ஆகவே ஐந்தாம் பருவத்தில் இலைப்பச்சைக்கு மாறிவிடும். இதை முடிவு செய்வது, புழுவைப் புழுவாகவே வைத்திருக்கும் இளமை ஹார்மோன். எலுமிச்சை அழகியின் நெருங்கிய உறவான ஓர் ஆசிய இனத்தை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008இல் இதைக் காட்டினார்கள். நாலாம் பருவத் தொடக்கத்தில் அந்த ஹார்மோன் குறைந்தால் அடுத்த தோல் பச்சை. குறையவிடாமல் வெளியிலிருந்து கொடுத்தால் அடுத்த தோலும் எச்ச நிறமே.

புழுவை லேசாகச் சீண்டினால், தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சளில் ஒரு கவட்டைக் கொம்பு பிதுங்கும். கூடவே குப்பென்று ஒரு வாடை. எறும்புகள் ஒதுங்கிவிடும். ஒட்டுண்ணிக் குளவிகளிடம் இந்த வித்தை எப்போதும் பலிப்பதில்லை.

தின்று முடித்ததும், பனையேறி இடுப்பில் கயிறு மாட்டிச் சாய்வதுபோல, ஒரு பட்டு நூலில் சாய்ந்தபடி கூட்டுப்புழுவாகும். பச்சைத் தண்டு என்றால் பச்சைக் கூடு, காய்ந்த குச்சி என்றால் பழுப்பு. என் தொட்டியில் இருந்தது பழுப்பு. ஒரு காலையில் அது வெடித்து, நனைந்த துணிபோல் கசங்கிய இறக்கையோடு பூச்சி வெளியே வந்தது. உடல் திரவத்தை இறக்கை நரம்புகளில் ஏற்றி ஏற்றி விரித்து, காயும்வரை தொங்கிக் கிடந்து, பிறகு பக்கத்து வீட்டு மாடிப் பக்கம் போய்விட்டது.

கன்று மறுபடி துளிர்க்கும்வரை ரசத்துக்குக் கறிவேப்பிலை கடையில்தான் வாங்கினோம்.