ஃபார்மேட் போடச் சொல்வதற்கு முன்னால் ஸ்டார்ட்அப் பட்டியலைப் பாருங்கள்

"சார், சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, ஃபார்மேட் போட்டுடுங்க." கடைக்கு வருகிறவர்களில் பலர் லேப்டாப்பை மேசையில் வைக்கும்போதே சொல்வது இதைத்தான். போன வாரம் ஒரு பள்ளி ஆசிரியையும் அப்படித்தான் வந்தார். 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். பாஸ்வேர்டு போட்டதும் டெஸ்க்டாப் வந்துவிட்டது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, நான்கு நிமிடத்துக்கு ஒரு ஃபைல்கூடத் திறக்கவில்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் தானாகவே தொடங்கும் ஆப்களின் பட்டியல்தான் ஸ்டார்ட்அப் பட்டியல், அதைப் பார்த்தால் 17 பெயர்கள். எப்போதோ விற்றுவிட்ட பிரிண்டரின் மென்பொருள், மகன் விளையாடிய கேமின் லாஞ்சர், மூன்று சாட் ஆப்கள், இரண்டு அப்டேட்டர்கள்.

இதில் எதையும் அவர் வேண்டுமென்று போடவில்லை. இன்ஸ்டால் செய்யும்போது நாம் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போவோம், ஏற்கெனவே டிக் போட்டு வைத்த பெட்டி ஒன்று நடுவில் இருக்கும், அவ்வளவுதான், அன்றிலிருந்து கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதெல்லாம் அந்த ஆப்பும் சேர்ந்தே எழுந்துகொள்ளும். ஹார்ட் டிஸ்க்கில் தரவைப் படிக்கும் முனை ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்க முடியும், 17 ஆப்களும் ஒரே சமயத்தில் கேட்டால் அது இங்கும் அங்கும் அலைந்தே நேரம் போய்விடும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, அசையும் பாகங்கள் இல்லாத எஸ்எஸ்டி போட்டவர்களுக்கு இந்த அலைச்சல் இல்லை, ஆனால் ராம் வீணாவது அவர்களுக்கும் உண்டு.

சரி, நிறுத்துவது எப்படி? கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 8-லிருந்து ஸ்டார்ட்அப் பட்டியல் அதற்குள்ளேயே இருக்கிறது, விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்ற விண்டோஸ் கருவிக்குப் போக வேண்டும். 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' என்ற வரிசையில் 'ஹை' என்று இருப்பவற்றை முதலில் பாருங்கள், தொடங்கும்போது ஒரு நொடிக்கு மேல் பிராசசரையோ 3 எம்பிக்கு மேல் டிஸ்க்கையோ எடுப்பவை அவை. ரைட் கிளிக், டிசேபிள். ஆப் அழிந்துவிடாது, தேவைப்படும்போது நீங்களே திறந்துகொள்ளலாம்.

விண்டோஸ் செக்யூரிட்டி, டச்பேட், ஆடியோ சம்பந்தப்பட்டவற்றைத் தொடாதீர்கள். உங்கள் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர் கிளவுடில் பேக்கப் ஆகிறது என்றால் அந்த ஆப்பையும் விட்டுவிடுங்கள், அதை நிறுத்தினால் நீங்களாகத் திறக்கும்வரை பேக்கப் நடக்காது. முடித்ததும் 'ஷட் டவுன்' வேண்டாம், 'ரீஸ்டார்ட்' கொடுத்துச் சோதியுங்கள், சீக்கிரம் ஆன் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இருக்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் முழுமையாக நடப்பதில்லை. ஆசிரியையின் லேப்டாப்பில் 12 பெயர்களை நிறுத்தினேன், ஒன்றரை நிமிடத்தில் அவருடைய மதிப்பெண் ஷீட் திறந்தது. ஃபார்மேட் தேவைப்படவில்லை.

ஆனால் வேகத்துக்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் கம்ப்யூட்டரில் இதே பட்டியலைத் திறந்தபோது, தூரத்திலிருந்து திரையை இயக்கும் ஆப் ஒன்று 'எனேபிள்டு' என்று உட்கார்ந்திருந்தது. "ஐயா, இது யார் போட்டது?" என்றேன். பேங்கிலிருந்து பேசுவதாக ஒருவர் கேஒய்சி அப்டேட் என்று சொல்லிப் போடவைத்தாராம், இவர் சந்தேகம் வந்து போனை வைத்துவிட்டாராம். போனை வைத்ததோடு முடிந்தது என்று நினைத்திருக்கிறார், ஆப்போ தினமும் அவர் கூடவே ஆன் ஆகிக்கொண்டிருந்தது.

இப்படி ஒன்றைக் கண்டால் டிசேபிள் மட்டும் போதாது, கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் இயங்கும் சர்வீஸாகவும் அது ஓடிக்கொண்டிருக்கலாம், அது இந்தப் பட்டியலில் தெரியாது. நெட்டைத் துண்டித்துவிட்டு அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் யோசிக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பெயர் புரியாத எதையும் ரைட் கிளிக் செய்து 'ஓபன் ஃபைல் லொகேஷன்' கொடுத்தால் அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியும், தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப் ஃபோல்டரில் இருந்து ஓடுகிறது என்றால் தெரிந்தவர் ஒருவரிடம் அன்றே காட்டிவிடுங்கள்.